எழுதத் தெரியாதவளாக உட்கார்ந்த செங்கமலம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் செங்கமலத்தின் புகைப்படம் பதினோரு இடங்களில் மாட்டியிருக்கிறது. தலைமையாசிரியை அறைக்கு வெளியே இரண்டு, நூலகத்துச் சுவரில் நான்கு, மற்றவை மாடிப்படி ஏறுகிற வழியில். பெயர் ஓர் இடத்திலும் கிடையாது. படத்துக்குக் கீழே 'பயனாளி' என்றோ 'உதவி பெறும் தாய்' என்றோதான் இருக்கும். அந்த வாசகங்களை எழுதிக் கொடுத்தவள் நான். தமிழாசிரியை இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பார்கள்?

என் பெயர் ஷாரோன். படப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பாப்டிஸ்ட் மிஷன் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினாறு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். அதில் பத்து வருடம் 'உதவிக்கரம்' மன்றத்தின் பொறுப்பாசிரியையாக இருந்தேன். அந்தப் பத்து வருடத்தில் நான் செய்த நல்ல காரியங்கள் பள்ளி ஆண்டு மலரில் வண்ணப் படங்களோடு வந்திருக்கின்றன. வேண்டுகிறவர்கள் அங்கே படித்துக்கொள்ளலாம். இங்கே நான் எழுதுவது செங்கமலத்தைப் பற்றி.

அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பிறந்தது ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி ஓர் ஊர். அப்பாவுக்கு நிலம் இருந்தது, தொழிற்பேட்டை வந்தபோது போயிற்று. நிலம் போன கதை அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. செங்கமலம் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் குறைப்பட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்துவிட, மூத்தவள் என்று இவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். "பத்தாவது புக்குங்கல்லாம் வாங்கி அட்ட போட்டு வெச்சிருந்தேன் டீச்சர்" என்பாள். கணவர் தணிகாசலம் உதிரிபாகப் பட்டறை ஒன்றில் பிரஸ் மிஷினுக்கு வலது கை விரல்கள் இரண்டைக் கொடுத்துவிட்டு, இப்போது ஒரு மனைப் பிரிவுக்குக் காவல் இருக்கிறார். இவள் லாரி பாகம் செய்யும் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். ஒரே பெண், பெயர் தென்றல்.

செங்கமலத்தின் கையெழுத்து அழகாக இருக்கும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமா, தெருவிளக்கு எரியவில்லையா, அந்தத் தெருவில் மனு எழுத அவளிடம்தான் வருவார்கள். நான் திருத்துகிற பரீட்சைத் தாள்களில் அப்படி ஒரு எழுத்தைப் பார்த்தால் இரண்டு மதிப்பெண் கூடவே போட்டுவிடுவேன். அவளுக்கு இப்படி எழுத வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பின்னால் நடந்ததை எல்லாம் நடக்கவிட்டேன்.

முதன்முதலில் அவளைப் பார்த்தது இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளத்தில். அரிசிப் பையும் போர்வையும் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரை ஓரத்தில் இருந்த அவள் தெருவுக்கு மாணவிகளோடு போனோம். வேனின் கதவைத் திறந்ததும் கூட்டம் மேலே விழுந்தது. பிள்ளைகள் பயந்துபோய்க் கையில் கிடைத்ததை வெளியே எறிய ஆரம்பித்தார்கள். அப்போது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள்.

"இன்னாம்மா இது, மாட்டுக்கு வைக்கோல் போட்ற மாதிரி வீசிகினு கீறீங்க? நிறுத்துங்க. கெயவிங்க மொதல்ல வாங்க. கைக்கொயந்தக்காரிங்க அப்பால. ஏய், ஆம்பளைங்கல்லாம் பின்னாடி போ!"

பத்து நிமிஷத்தில் வரிசை நின்றுவிட்டது. கடைசியாக அவள் முறை வந்தபோது போர்வை தீர்ந்திருந்தது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அவள் காலி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது போதும் டீச்சர், தரை ஈரமா கீது, விரிச்சிக்கலாம்" என்று போய்விட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் அந்தத் தெருவை எங்கள் மன்றம் தத்தெடுத்தது. தத்துப் போகச் சம்மதமா என்று தெருவை யாரும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளியில் மன்றங்களுக்குப் பஞ்சமே இல்லை. சுற்றுச்சூழல் மன்றம், சாரணியர், செஞ்சிலுவை, தோட்டக்கலை, வேத வினாடி வினா என்று வாரத்தில் எந்த நாளைத் தொட்டாலும் ஒன்று கூடும். எல்லாவற்றிலும் பெரியது உதவிக்கரம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அதில் சேர்கிற ஒவ்வொரு பெண்ணும் வருடத்துக்கு முப்பது மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதற்கு ஒரு மஞ்சள் அட்டை உண்டு. செய்த சேவை, எத்தனை மணி நேரம், பயனாளியின் கையெழுத்து, பொறுப்பாசிரியை கையெழுத்து என்று நான்கு கட்டம். அட்டை நிரம்பினால்தான் நன்னடத்தைச் சான்றிதழில் 'மிக நன்று' விழும்.

ஆகவே சனிக்கிழமை தோறும் நாற்பது பெண்களுக்குப் பயனாளிகள் வேண்டும். வெள்ளிக்கிழமை செங்கமலத்துக்குப் போன் போடுவேன். "நாளைக்கு இருபது பேர் வேணும் செங்கமலம்." சனிக்கிழமை ஓ.டி. இருந்தால்கூட விட்டுவிட்டு ஆள் சேர்த்து வைத்திருப்பாள். யாரை முன்வரிசையில் வைத்தால் படம் நன்றாக வரும் என்பது எங்கள் போட்டோகிராபரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "டீச்சர், இன்னிக்கு சிரிக்கணுமா, வேணாவா?" என்று கேட்டுக்கொள்வாள். நிவாரணம் கொடுக்கிற படத்தில் சிரிக்கக் கூடாது, முகாம் முடிகிற படத்தில் சிரிக்க வேண்டும். கேலியாகத்தான் கேட்பாள், நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

ஒருமுறை கைகழுவும் முறையைச் சொல்லிக் கொடுக்கப் போனோம். ஏழு படி. தெருக்குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள் வெறுங்கையைத் தேய்த்துக் காட்ட, தெருப் பெண்கள் வெறுங்கையைத் தேய்த்தார்கள். முடிந்ததும் செங்கமலம் அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "தண்ணி வர்ற அன்னிக்கு ஒரு தபா வாங்கம்மா, கழுவியும் பாத்துடலாம்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை வேறு தலைப்பு வந்துவிட்டது.

இதையெல்லாம் அவள் எதற்காகச் செய்தாள் என்று நான் மறைக்கப் போவதில்லை. இரண்டாயிரத்துப் பதினேழு மே மாதம் பள்ளி வராந்தாவில் வந்து நின்றாள். தென்றலுக்கு ஆறாம் வகுப்பில் இலவச இடம் வேண்டும் என்றாள்.

"எம் பொண்ணு கம்பெனி பஸ்ல ஏறக் கூடாது டீச்சர். அவ்ளோதான் நான் கேக்கறது. நர்ஸோ, டீச்சரோ, இன்னாவோ ஆவட்டும். அந்த பஸ்ஸு மட்டும் வேணாம்."

வாங்கிக் கொடுத்தேன். மிஷனில் வருடத்துக்கு மூன்று இலவச இடம் உண்டு. தலைமையாசிரியையிடம் போய், நமக்கு இவ்வளவு ஒத்துழைக்கிற பெண் என்று சொன்னேன், உடனே கொடுத்தார். சேர்க்கை நாளன்று செங்கமலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னொண்ணு டீச்சர். அவ இந்தத் தெருப் பொண்ணு, எம் பொண்ணுன்னு ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நான் கைநீட்டி வாங்குற கும்பல்ல நிக்குறவ. ஒரு தபா தெரிஞ்சிட்டா போதும், அப்புறம் அவ இன்னா படிச்சாலும் அதான் நிக்கும்."

சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன். ஆறு வருடம் காப்பாற்றவும் செய்தேன். பதிவேட்டில் படப்பையில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரி. பெற்றோர் கூட்டத்துக்குத் தணிகாசலம் வருவார், வலது கையைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் கையெழுத்துப் போடுவார். தென்றலைத் தோட்டக்கலை மன்றத்தில் போட்டேன், சனிக்கிழமைகளில் அவள் பள்ளியிலேயே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். அவள் தெருவுக்குப் போன பிள்ளைகள், தெருவில் பார்த்த பெண்ணின் மகள் தங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அறியாமலே பத்தாம் வகுப்பு முடித்தார்கள். தென்றல் பள்ளியில் மூன்றாவதாக வந்தாள். தமிழில் முதல்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆகஸ்டில் மிஷன் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எழுத்தறியாத பத்துப் பெண்களுக்கு மூன்று மாதத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். சிறப்பாகச் செய்கிற பள்ளிக்குக் கேடயம். தெருவில் தேடினால் எழுதத் தெரியாத பெண்கள் ஆறு பேர்தான் உட்கார ஒப்புக்கொண்டார்கள். மற்ற கிழவிகள் எல்லாம் கண் தெரியவில்லை, போ என்று விரட்டிவிட்டார்கள். நான் செங்கமலத்துக்குப் போன் போட்டு, "இன்னும் நாலு பேர் குறையுது" என்றேன்.

சனிக்கிழமை போனபோது பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கிழவிகளை எப்படியோ சரிக்கட்டியிருந்தாள். பத்தாவது ஆள் செங்கமலம். மடியில் சிலேட்டு. அவள் அட்டைகளில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த பிள்ளைகள் எல்லாரும் அதற்குள் படித்து முடித்துப் போய்விட்டிருந்தார்கள். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். பிளஸ் ஒன் பெண் ஒருத்தி அவள் விரலைப் பிடித்து 'செ' எழுதவைத்தாள். கோணலாக எழுதினாள். அடுத்த வாரம் கொஞ்சம் குறைவான கோணல். மூன்றாவது வாரம் கொம்பு நேராக நின்றது. ஒரு தேர்ந்த மாணவி எப்படி முன்னேறுவாளோ அப்படிப் பார்த்துப் பார்த்து முன்னேறினாள்.

வேனுக்கு வருகிற வழியில் அவளைக் கேட்டேன். "உனக்கு எதுக்கு இது? வேற யாரையாவது பிடிச்சிருக்கலாமே."

"தென்றலுக்கு சயின்ஸ் குரூப்பு குடுத்தீங்கள்ல. ஆளு கொறையுதுன்னு நீங்க சொல்லும்போது நான் எப்டி கம்னு கீறது? உக்காந்தா எனக்கு இன்னா தேஞ்சா பூடும்?"

"தென்றலுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு ஏன் தெரியணும்?"

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்பது பேர்தான் என்று உண்மையை எழுதி அனுப்பியிருக்கலாம். எனக்குக் கேடயம் வேண்டியிருந்தது. பத்து வருடமாக ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு மலைப்பகுதிப் பள்ளி அதைத் தட்டிக்கொண்டு போகிறது.

ஜனவரியில் விழா. கேடயத்தைத் தீர்மானிக்கிற குழுவும், எங்களுக்கு ஆய்வகம் கட்டித் தரப்போகிற கம்பெனியின் அதிகாரியும் வருகிறார்கள். எங்கள் கூட்டங்களில் சாட்சி இல்லாமல் எதுவும் முடியாது. கர்த்தர் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. "இந்த வருஷம் சாட்சி யார்?" என்று தலைமையாசிரியை கேட்டார். செங்கமலம் என்றேன். அவர் முகத்தில் பெரிய உற்சாகம் இல்லை. தெருப் பெண்களின் சாட்சி எல்லாப் பள்ளிகளிலும் இருக்குமே என்றார். அப்போதுதான் வாய் தவறி, இல்லை, தவறவில்லை, பெருமையாகவே சொன்னேன். "மேடம், அவங்க பொண்ணு நம்ம தென்றல்தான்."

அவர் கண் கலங்கிவிட்டது. "கர்த்தர் எவ்வளவு நல்லவர் ஷாரோன்! மகளே தாயோட கையைப் பிடிச்சு எழுத வைக்கட்டும். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

நான் மறுக்கவில்லை. அதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. பதினைந்து வயதில் வெள்ளை உடுத்தி சபையின் தண்ணீர்த் தொட்டியில் ஞானஸ்நானம் எடுத்தபோது நானும் சாட்சி சொன்னேன். என் அப்பா குடிகாரர், சம்பள நாளில் நாங்கள் பக்கத்து வீட்டில் ஒளிந்துகொள்வோம் என்று முந்நூறு பேர் முன்னால் சொன்னேன். சபையே அழுதது. பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள், அன்றிலிருந்து எனக்குக் கிடைத்த மதிப்பே தனி. எங்கள் ஆட்கள் மத்தியில், பட்ட கஷ்டத்தை மேடையில் சொன்னால் ஆள் உயர்ந்துவிடுவார். தென்றலுக்கும் அப்படித்தான் நடக்கும் என்று நான் மனதார நம்பினேன். நான் அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவள், சொல்லச் சொல்லித் தந்தவர்கள் என் சொந்தக்காரர்கள், நானாக எழுந்து சொன்னேன் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

செங்கமலத்திடம் போர்டில் பெயர் எழுதிக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அன்னிக்கு தென்றல லீவு போடச் சொல்லவா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அவளை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

விழா அன்று காலை மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தென்றலிடம் தாளைக் கொடுத்தேன். நானே எழுதிய தாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மிஸ், எங்கம்மாவுக்கு எழுதத் தெரியும்."

"தெரியும்டா. இது ஒரு நிகழ்ச்சிக்காக."

"எனக்கு அ, ஆ சொல்லிக்குடுத்ததே அவங்கதான் மிஸ்."

"உங்க அம்மாவுக்கு இது மரியாதைடா. எத்தனை பேர் கைதட்டுவாங்க பாரு."

அவள் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். இலவச இடத்தில் படிக்கிற பிள்ளைகள் முடியாது என்று சொல்லிப் பழகியிருக்க மாட்டார்கள். அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மேடையில் ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள். "நான் ஏரிக்கரைத் தெருவிலிருந்து வருகிறேன். என் தாய் இந்த மன்றத்தின் பயனாளி. எழுத்தறியாதவராக இருந்த அவருக்கு என் பள்ளித் தோழியர் எழுத்தைத் தந்தார்கள்." ஆயிரத்து இருநூறு பெண்கள் அமைதியாகக் கேட்டார்கள். மேடை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செங்கமலம் முதல் வாக்கியத்திலேயே எழுந்து நின்றுவிட்டாள். மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த நிகழ்ச்சி நிரலைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வெள்ளைப் பலகையை நகர்த்திக் கொண்டுவந்தார்கள். தென்றல் மார்க்கரை அம்மாவின் விரலில் வைத்து, சொல்லிக் கொடுத்தபடி கையைப் பிடித்தாள். செங்கமலம் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். பலகையின் மேல் மூலையிலிருந்து ஆரம்பித்து நிற்காமல் எழுதினாள். மனு எழுதுகிற அதே கை. "நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். இந்தப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். இப்படிக்கு, ப. செங்கமலம்."

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. கம்பெனி அதிகாரி எழுந்து நின்று தட்டினார். மைக்கைப் பிடித்து, "த்ரீ மந்த்ஸ்ல இவ்ளோ அழகான ஹேண்ட்ரைட்டிங்! அன்பிலீவபிள்!" என்றார். அவர் வடக்கே எங்கிருந்தோ வந்து தமிழ் பேசக் கற்றவர், படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த மற்ற யாரும் படிக்கவில்லை. ஒரு பயனாளி எழுதுவதைத்தான் பார்த்தார்களே தவிர, என்ன எழுதினாள் என்று பார்க்கத் தோன்றவில்லை. தலைமையாசிரியை அவளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அன்று செங்கமலம் சிரிக்கணுமா வேணாமா என்று என்னிடம் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

கேடயம் எங்களுக்குத்தான் கிடைத்தது.

தென்றலை வகுப்பில் யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நான் தட்டிக் கேட்டிருப்பேன். எல்லாரும் நல்லவர்களாக நடந்துகொண்டார்கள், அதுதான் பொறுக்க முடியாததாக இருந்திருக்கிறது. ஒருத்தி தன் பழைய சுடிதார்களைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். ஒருத்தி டிபன் பாக்ஸில் பாதியை எடுத்து இவள் மூடியில் வைத்தாள். கார் கம்பெனி மேலாளர் மகள் சுகப்பிரியா, மதிய இடைவேளையில் மூன்று நாள் வேதியியல் சமன்பாடு சொல்லிக் கொடுத்தாள். தென்றல் கேட்கவில்லை, அவளுக்கு அது தெரியாததும் இல்லை. நான்காம் நாள் சுகப்பிரியா மஞ்சள் அட்டையை நீட்டினாள்.

"மூணு மணி நேரம் வருது தென்றல். பயனாளி கட்டத்துல மட்டும் சைன் பண்ணிடேன்."

தென்றல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்த அட்டை நாற்பது அட்டைகளோடு என் மேசைக்கு வந்தது. நான் பார்க்காமலே பொறுப்பாசிரியை கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோதுதான் சுகப்பிரியா அந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். த. தென்றல், பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு. அதற்குப் பக்கத்தில் என் பெயர். எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிப்ரவரியில் செங்கமலம் கம்பெனிச் சீருடையோடு வந்தாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவளே எழுதிய கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தாள். காரணம் என்று எதுவும் எழுதவில்லை. தலைமையாசிரியை வருத்தத்தோடுதான் வாங்கினார். ஆனாலும் ஒரு நிமிஷம் கழித்து, "பாருங்க ஷாரோன், எவ்வளவு தெளிவா எழுதறாங்க" என்று என்னிடம் காட்டினார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, மகிழ்ச்சியாகவே சொன்னார்.

வராந்தாவில் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு வருடம்தான், பிளஸ் டூ முடிக்கட்டும், நான் தென்றலிடம் பேசுகிறேன் என்றேன்.

"அவ என்கிட்டயே பேசறதில்ல டீச்சர். அன்னிக்கு வூட்டுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்டா. 'உனுக்கு எழுதத் தெரியும்ல, அப்புறம் இன்னாத்துக்கு தெரியாதவ மாதிரி சிலேட்டு புடிச்சிகினு உக்காந்த?'ன்னா. உன் சீட்டுக்குதான்டின்னேன். 'அப்ப எனக்கு அந்த சீட்டு வேணாம்'னுட்டா."

மன்னிச்சிடு என்றேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான் உக்காந்தது என் இஷ்டம் டீச்சர். அதுக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவள உக்கார வெச்சது நீங்க."

வருடத்தின் நடுவில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜூனில் அரசுப் பள்ளியில் மறுபடியும் பிளஸ் ஒன்னில் போட்டார்கள். இரண்டு மாதம் போய்விட்டு நின்றுவிட்டாள். பதினெட்டு முடிந்த வாரம், செல்போன் பாகம் பூட்டுகிற ஒரு கம்பெனியில் லைனுக்குச் சேர்ந்தாள். செங்கமலம் ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறுகிற அதே நிறுத்தத்தில், ஐந்து ஐம்பதுக்கு வருகிற பஸ்ஸில் தென்றல் ஏறுகிறாள். முதல் பஸ் வரும்வரை சேர்ந்து நிற்கிற நேரத்தில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது.

நான் மன்றப் பொறுப்பை விட்டுவிட்டேன். அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. வேறொரு ஆசிரியை ஏற்றுக்கொண்டார், வேறொரு தெருவைத் தத்தெடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் படப்பையில் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். கோபமாகப் பேசவில்லை, நலம் விசாரித்தாள். தென்றலுக்கு லைனில் நல்ல பெயர் என்றாள், அதைச் சொல்லும்போது வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. அஞ்சல் வழியில் பிளஸ் டூ எழுதலாம், புத்தகம் எல்லாம் நான் கொண்டுவருகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் உன் வீட்டுக்கு வந்து தென்றலைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று படபடவென்று சொன்னேன்.

"வேணாம் டீச்சர்" என்றாள். "நீங்க எங்க தெருவுக்கு வந்தா, இன்னா குடுக்க வந்துகிறாங்கன்னு எல்லாரும் வெளிய வந்து நின்னுடுவாங்க. அவ கதவ சாத்திகினு உள்ள போயிடுவா. சும்மா பாக்க வந்தீங்கன்னு நானே சொன்னாகூட யாரும் நம்ப மாட்டாங்க."

அவள் இறங்கிப் போனாள். இன்றுவரை நான் அந்தத் தெருவுக்குப் போகவில்லை.